எந்த ரிவெட்டைப் போடுவது? 1763-இல் கிடைத்த பதில்

பழைய கார்களைப் புதுப்பிக்கிறவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். எஞ்சின், கார்புரேட்டர், பெயின்ட் என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். ரிவெட் பற்றிக் கேட்டால் மட்டும் "ஸ்டெயின்லெஸ் போட்டுடுங்க சார், ஆயுசுக்கும் துரு பிடிக்காது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த வரியில் பாதி உண்மை இருக்கிறது. ஸ்டெயின்லெஸ் ரிவெட்டுக்கு அவ்வளவு சுலபத்தில் துரு பிடிக்காதுதான். ஆனால் அது இறுக்கிப் பிடித்திருக்கும் அலுமினியத் தகடு என்ன ஆகும்? சில வருடங்களில் ரிவெட்டைச் சுற்றிப் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். நகத்தால் சுரண்டினால் வெள்ளை மாவு கொட்டும். கடைசியில் ரிவெட் பளபளவென்று அப்படியே இருக்கும், அதைப் பிடித்திருந்த தகடுதான் இருக்காது.

இந்தச் சிக்கல் கார் வருவதற்கு ஒன்றே கால் நூற்றாண்டுக்கு முன்பே பதிவாகிவிட்டது என்பதுதான் எனக்குச் சுவாரசியமாகப் பட்டது. பதிவு செய்தது பிரிட்டிஷ் கடற்படை. அந்தக் கதையிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

அலார்ம் கப்பலும் பழுப்புக் காகிதமும்

18-ஆம் நூற்றாண்டில் மரக் கப்பல்களுக்கு இரண்டு எதிரிகள். ஒன்று, மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பல் புழு. இன்னொன்று, அடிப்பாகத்தில் ஒட்டி வளர்ந்து வேகத்தைக் குறைக்கும் பாசியும் கொட்டலசும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே மருந்தாக, கப்பலின் அடிப்பகுதி முழுக்க மெல்லிய செப்புத் தகடு போர்த்திப் பார்த்தார்கள். 1761-இல் முதன்முதலாக அப்படிப் போர்த்தப்பட்ட கப்பல் எச்.எம்.எஸ். அலார்ம். 32 பீரங்கிகள் கொண்ட ஃப்ரிகேட். புழு அதிகமுள்ள மேற்கிந்தியக் கடலுக்கு அதைச் சோதனையாக அனுப்பினார்கள்.

1763-இல் திரும்பி வந்த கப்பலைப் பரிசோதித்தபோது செம்பு நன்றாகவே வேலை செய்திருந்தது. புழு இல்லை, பாசியும் பெரிதாக இல்லை. ஆனால் பல இடங்களில் தகடு கழன்று போயிருந்தது. காரணம், தகட்டைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் கரைந்து கூழாகியிருந்தன. எல்லா ஆணிகளும் அல்ல. சில ஆணிகள் புதிதுபோல இருந்தன. அவற்றை உற்றுப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் புலப்பட்டது. செப்புத் தகடுகள் கப்பல்துறைக்கு வந்தபோது அவற்றைச் சுற்றியிருந்த பழுப்புக் காகிதம் சில இடங்களில் பிரிக்கப்படாமல் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. செம்புக்கும் இரும்புக்கும் நடுவில் அந்தக் காகிதம் இருந்த இடங்களில்தான் ஆணி பிழைத்திருந்தது.

கடல் நீரில் இரும்பும் செம்பும் நேரடியாகத் தொட்டுக்கொள்ளக் கூடாது. இதுதான் அவர்கள் எடுத்த முடிவு. இதில் வியப்பு என்னவென்றால், அப்போது மின்வேதியியல் என்ற ஒன்றே கிடையாது. கால்வானி தவளைக் கால் துடித்ததைப் பற்றி எழுதியது 1791-இல். வோல்டா தன் மின்கலத்தை அறிவித்தது 1800-இல். ஏன் நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது, என்ன நடக்கிறது என்பது மட்டும் துல்லியமாகத் தெரிந்திருந்தது. நம்ம மென்பொருள் துறையில் சொல்வதென்றால், காரணம் தெரியாத பக்-ஐ எப்போது வருகிறது, எப்போது வரவில்லை என்று பிரித்துப் பார்த்தே பிடித்துவிட்டார்கள்.

தெரிந்தும் சறுக்கினார்கள் என்பது கதையின் அடுத்த பாகம். அமெரிக்க விடுதலைப் போர்க் காலத்தில், 1779-ஐ ஒட்டி, கப்பல்களின் வேகம் அவசரமாகத் தேவைப்பட்டது. மொத்தக் கடற்படைக்கும் செம்பு போர்த்த ஆரம்பித்தார்கள். தகட்டைப் பிடிக்கும் ஆணிகளைச் செம்புக் கலவையில் செய்துகொண்டாலும், கப்பலின் மரக்கட்டைகளையே கோத்துப் பிடித்திருந்த பெரிய போல்ட்டுகள் இரும்பாகவே இருந்தன. நடுவில் காகிதமும் பூச்சும் வைத்துச் சமாளித்துவிடலாம் என்று நம்பினார்கள். சில வருடங்களிலேயே போல்ட்டுகள் அரித்துப்போக, 1780-களின் நடுவில் எல்லாக் கப்பல்களின் இரும்பு போல்ட்டுகளையும் செம்புக் கலவை போல்ட்டுகளாக மாற்ற வேண்டியதாயிற்று. காகிதத்தை ஒரு தற்காலிக உதவியாக மட்டுமே நம்பலாம், உலோகத்தை மாற்றுவதுதான் நிரந்தரத் தீர்வு என்ற பாடத்துக்கு அவர்கள் கொடுத்த விலை அது.

உள்ளே என்னதான் நடக்கிறது?

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட வேண்டும். இரண்டையும் நனைத்தபடி உப்பு கலந்த ஈரம் இருக்க வேண்டும். இவ்வளவு போதும், ஒரு குட்டி பேட்டரி தயார். இரண்டில் எது எலக்ட்ரானைச் சுலபமாக விட்டுக்கொடுக்குமோ அது கரையும். மற்றது பத்திரமாக இருக்கும். கரைவது ஆனோடு, பிழைப்பது கேத்தோடு. இதைத்தான் கால்வானிக் அரிப்பு என்கிறோம்.

எது கரையும் என்பதற்கு ஒரு வரிசை உண்டு. கடல் நீரில், ஒரே அளவுகோலில் தோராயமாகப் பார்த்தால், துத்தநாகம் மைனஸ் 1.0 வோல்ட். அலுமினியக் கலவைகள் மைனஸ் 0.75 பக்கம். சாதா எஃகு மைனஸ் 0.6. செம்பு மைனஸ் 0.35. ஸ்டெயின்லெஸ் கிட்டத்தட்ட பூஜ்யத்தை ஒட்டி. மேலே இருப்பது கரையும், கீழே இருப்பது பிழைக்கும். பொறியாளர்கள் கையில் வைத்திருக்கும் ஒரு தோராய விதிப்படி, உப்புக் காற்றுபோல மோசமான சூழலில் இரண்டு உலோகங்களுக்கும் 0.15 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. அலுமினியமும் சாதா எஃகும் அந்த எல்லையில் நிற்கின்றன. அலுமினியமும் ஸ்டெயின்லெஸ்ஸும் எங்கேயோ இருக்கின்றன.

ஆனால் வோல்ட்டை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் ஏமாந்துபோவோம். அதைவிட முக்கியம் பரப்பளவு. பெரிய செப்புத் தகட்டில் சின்ன இரும்பு ஆணி என்றால், மொத்தத் தகடும் சேர்ந்து அந்த ஒரு ஆணியிடமிருந்து எலக்ட்ரானை உறிஞ்சும். ஆணி தாங்காது. அதையே தலைகீழாக்கி, பெரிய இரும்புத் தகட்டில் சின்னச் செப்பு ரிவெட் போட்டால், கரைய வேண்டிய பாரம் தகடு முழுக்கப் பரவிவிடும். சேதம் மெதுவாகத்தான் நடக்கும். சின்ன ஆனோடு, பெரிய கேத்தோடு என்ற சேர்க்கைதான் ஆகவே ஆகாது. அலார்ம் கப்பலில் நடந்தது அதேதான்.

அப்படியென்றால் பெரிய அலுமினியத் தகட்டில் சின்ன ஸ்டெயின்லெஸ் ரிவெட் நல்லதுதானே என்று கேட்பீர்கள். பரப்பளவுக் கணக்குப்படி அது நல்ல பக்கம்தான், ஸ்டெயின்லெஸ் செம்பு அளவுக்கு வெறிபிடித்த கேத்தோடும் அல்ல. நன்றாகக் காயும் இடத்தில் வருடக்கணக்காக எதுவும் ஆகாமலே இருக்கலாம். சிக்கல் எங்கே என்றால், ரிவெட் தலைக்கு அடியில் தங்கும் ஈரம் தகடு முழுக்கப் பரவி நிற்பதில்லை. அந்த ஓரத்தில், ஒரு சில மில்லிமீட்டர் வட்டத்துக்குள்தான் நிற்கிறது. அங்கே பேட்டரிக்குக் கிடைக்கும் அலுமினியம் அந்தக் குட்டி வட்டம் மட்டும்தான். அதனால் துளையின் விளிம்பு கரைந்து, துளை பெரிதாகி, ரிவெட் ஆட ஆரம்பிக்கிறது.

லேண்ட் ரோவர்: பஞ்சத்தில் பிறந்த அலுமினிய வண்டி

இப்போது காருக்கு வருவோம். இந்த விஷயத்துக்கு லேண்ட் ரோவரைவிடப் பொருத்தமான வண்டி கிடையாது.

இரண்டாம் உலகப் போர் முடிந்த பிரிட்டனில் எஃகுக்கு ரேஷன். ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலைக்குத்தான் எஃகு ஒதுக்கீட்டில் முன்னுரிமை. ரோவர் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் மாரிஸ் வில்க்ஸ், வேல்ஸின் ஆங்கிள்சி தீவிலிருந்த தன் நிலத்தில் ராணுவத்தின் பழைய ஜீப் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். அதைப்போல ஒன்றை விவசாயிகளுக்காக நாமே செய்தால் என்ன என்ற யோசனை 1947-இல் உருவாகி, 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் லேண்ட் ரோவராக வந்து நின்றது.

எஃகு கிடைக்காததால் உடம்புக்கு அலுமினியம். பர்மாப்ரைட் என்ற, மெக்னீசியம் கலந்த அலுமினியக் கலவை. இந்தக் கலவை தன்னளவில் அரிப்பை நன்றாகவே தாங்கும். ஆனால் வண்டி முழுக்க அலுமினியத்தில் செய்ய முடியாதே? சேஸி எஃகு. முன்பக்கத் தடுப்பான பல்க்ஹெட் எஃகு. கதவுக்கு உள்ளே எஃகுச் சட்டம், அதன்மேல் அலுமினியத் தோல். பின்பக்கத் தொட்டியின் விளிம்புகளில் துத்தநாக முலாம் பூசிய எஃகுப் பட்டைகள், ரிவெட் அடித்துப் பிடித்தவை. ஆக ஒவ்வொரு மூலையிலும் இரண்டு உலோகங்கள் கைகுலுக்கிக்கொண்டு நிற்கின்றன. அதற்கு மேல், பனிக்காலத்தில் பிரிட்டன் சாலைகளில் உப்பைத் தூவுவார்கள். பேட்டரிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

முலாம் பூசிய அந்தப் பட்டைகளை மட்டும் கொஞ்சம் கவனியுங்கள். துத்தநாகம் வரிசையில் அலுமினியத்துக்கும் மேலே இருக்கிறது. எனவே அது இருக்கும்வரை கரைவது அதுதான். எஃகும் அலுமினியமும் அதன் நிழலில் பிழைத்துக்கொள்ளும். முலாம் தீர்ந்த பிறகு வெறும் எஃகு அலுமினியத்தைத் தொடும். அப்போது தியாகம் செய்ய வேண்டிய முறை அலுமினியத்துடையது. இருபது முப்பது வருடம் நன்றாக ஓடிய வண்டி திடீரென்று விளிம்புகளில் பொரிய ஆரம்பிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கதவின் கதை இன்னும் மோசம். எஃகுச் சட்டத்தின்மேல் அலுமினியத் தகட்டை மடித்திருப்பார்கள். மடிப்புக்குள் நுழைந்த தண்ணீர் வெளியே வராது. உள்ளே எஃகு துருப்பிடித்தால் துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். மடிப்பை உள்ளிருந்தே நெம்பித் திறக்கும். திறந்த இடத்தில் இன்னும் தண்ணீர்.

இது விவசாய வண்டியின் தலையெழுத்து மட்டுமல்ல. மிலான் நகரத்து டூரிங் நிறுவனம் 1930-களில் உருவாக்கிய சூப்பர்லெஜெரா முறையில், மெல்லிய எஃகுக் குழாய்க் கூட்டின்மேல் அலுமினியத் தோலைப் போர்த்துவார்கள். ஆஸ்டன் மார்ட்டின் டி.பி.4, டி.பி.5 எல்லாம் அந்த முறையில் வந்தவைதான். கோடிகளில் விலை போகும் அந்த வண்டிகளைப் புதுப்பிப்பவர்களும், அலுமினியம் எஃகின்மேல் மடிகிற அதே ஓரங்களில்தான் அதே வெள்ளை மாவைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

பாப் ரிவெட்டுக்குள் ஒளிந்திருக்கும் இரும்பு

ரிவெட்டுக்குத் தமிழில் தறையாணி என்று பாடநூல் சொல் இருக்கிறது. பட்டறையில் கேட்டால் ரிவெட்தான். அதில் பழையது முழு ரிவெட். ஒருவர் ஒரு பக்கம் தாங்க, இன்னொருவர் மறுபக்கம் அடித்துத் தலை உருவாக்க வேண்டும். இரண்டு பக்கமும் கை போக வேண்டும். கை போகாத இடத்துக்கு வந்தது பாப் ரிவெட். ஹாமில்டன் வைலி என்ற பிரிட்டிஷ்காரர் 1916-இல் குழல் ரிவெட்டுக்குக் காப்புரிமை கேட்டார். விமானக் கம்பெனி வேலைக்குப் போன பிறகு, 1927-இல், நடுவில் ஓர் ஊசியை இழுத்து ஒரே பக்கத்திலிருந்து ரிவெட்டை மூடும் முறைக்கும் காப்புரிமை பெற்றார். இன்று அலுமினிய ஜன்னல் போடுகிறவர் கையில் இருக்கும் கருவி அந்த வம்சம்தான்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. கடையில் "அலுமினிய பாப் ரிவெட்" என்று கேட்டு வாங்கினால், பெரும்பாலும் குழல்தான் அலுமினியம். உள்ளே இருக்கும் ஊசி எஃகு. இழுத்து முறித்த பிறகு ஊசியின் தலை ரிவெட்டுக்குள்ளேயே தங்கிவிடும். அதாவது நீங்கள் போட்ட ஒவ்வொரு அலுமினிய ரிவெட்டின் வயிற்றிலும் ஓர் இரும்புத் துண்டு. நடுவில் துளை திறந்தே இருப்பதால் தண்ணீரும் உள்ளே போகும். சில மழைக்குப் பிறகு ரிவெட்டிலிருந்து பழுப்புக் கண்ணீர் வடிவது இதனால்தான். ஊசியும் அலுமினியமாக இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். தண்ணீர் படும் இடம் என்றால் முனை மூடிய வகையைத் தேர்ந்தெடுங்கள்.

பெயின்ட்டை எந்தப் பக்கம் அடிப்பது?

இதைப் படித்தபோது எனக்கே கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. அரிக்கப்போவது அலுமினியம் என்று தெரிந்தால், அலுமினியத்துக்குத்தானே பெயின்ட் அடிப்போம்? அலுமினியத்துக்கு மட்டும் அடிப்பது ஆபத்து. பெயின்ட்டில் ஊசிமுனை அளவு கீறல் விழுந்தால் போதும். வெளியே தெரியும் அந்தப் புள்ளி மட்டும் ஆனோடு, எதிரே மூடப்படாத எஃகு முழுக்கக் கேத்தோடு. மறுபடியும் அலார்ம் கப்பல். மொத்தப் பசியும் அந்தப் புள்ளியில் இறங்கி ஓட்டை போட்டுவிடும். எனவே பிழைக்கப்போகும் உலோகத்தை, அதாவது எஃகை, முதலில் மூட வேண்டும். இரண்டையும் மூடுவது உத்தமம். ஒன்றைத்தான் மூட முடியும் என்றால் கேத்தோடைத்தான் மூட வேண்டும்.

சரி, எந்த ரிவெட்?

இவ்வளவு வரலாற்றையும் ஒரு பட்டறை மேசைக்குச் சுருக்கினால் இப்படி வரும்.

அலுமினியத்தோடு அலுமினியம் சேரும் இடத்தில் அலுமினிய ரிவெட். தகட்டின் கலவைக்கு நெருக்கமான கலவை. பர்மாப்ரைட் போன்ற மெக்னீசியக் கலவைத் தகட்டுக்கு அதே மெக்னீசியக் குடும்பத்து ரிவெட். விமான ரிவெட்டுகள் வலுவானவை என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். அவற்றில் பல செம்பு கலந்தவை. அந்தச் செம்புதான் வலுவைக் கொடுக்கிறது, அரிப்பைத் தாங்கும் திறனைக் குறைப்பதும் அதேதான்.

எஃகோடு எஃகு சேரும் இடத்தில் எஃகு ரிவெட். சேஸி போலப் பாரம் தாங்கும் இடத்தில் பாப் ரிவெட் என்ற பேச்சே வேண்டாம், உயிர் சம்பந்தப்பட்டது. வெறும் எஃகில் அலுமினிய ரிவெட் போட்டால் அது சின்ன ஆனோடு, பெரிய கேத்தோடு. முதலில் கரைவது ரிவெட்.

அலுமினியத்தோடு எஃகு சேரும் இடம்தான் உண்மையான பரீட்சை. முதலில் எஃகுக்குத் துத்தநாக முலாமோ நல்ல எப்பாக்ஸி ப்ரைமரோ போட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் மின்சாரம் கடத்தாத, தண்ணீரை உறிஞ்சாத ஒரு தடுப்பு வேண்டும். துணியும் ஃபெல்ட்டும் ஆகாது, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். டூராலாக் போன்ற இணைப்புப் பசைகளை ரிவெட்டிலும் துளையிலும் தடவி, காய்வதற்கு முன்பே ரிவெட்டை அடிக்க வேண்டும். பழைய வகைப் பசையில் குரோமேட் இருக்கும், அது நச்சு. கையுறை இல்லாமல் தொடாதீர்கள். இவ்வளவும் செய்துவிட்டு அலுமினிய ரிவெட் போடலாம். வலு போதாத இடத்தில் மட்டும் ஸ்டெயின்லெஸ், அதுவும் பசையில் முக்கி. செம்பு, பித்தளை ரிவெட்டுகளை அலுமினியத்தின் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

சுதந்திர தேவியும் தப்பவில்லை

தடுப்புப் பொருள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு நியூயார்க்கில் ஒரு பெரிய சாட்சி நிற்கிறது. 1886-இல் திறக்கப்பட்ட சுதந்திர தேவி சிலையின் தோல் சுமார் 2.4 மில்லிமீட்டர் செம்பு. உள்ளே ஈஃபல் வடிவமைத்த இரும்புக் கூடு. தோலைப் பிடிக்கும் இரும்புப் பட்டைகளைச் செப்பு வளையங்கள் சுற்றிக்கொள்ள, வளையங்களைச் செப்பு ரிவெட்டுகளால் தோலோடு பிணைத்தார்கள். இரண்டு உலோகமும் தொடக் கூடாது என்று கட்டியவர்களுக்குத் தெரியும். ஷெல்லாக்கில் தோய்த்த ஆஸ்பெஸ்டாஸை நடுவில் வைத்தார்கள். அலார்ம் கப்பலின் பழுப்புக் காகிதத்துக்கு 19-ஆம் நூற்றாண்டு வடிவம்.

காலப்போக்கில் அந்தத் தடுப்பு நைந்து, கடல் ஈரத்தைக் குடிக்கும் பஞ்சாக மாறியது. பட்டைகள் துருப்பிடித்து வீங்கின. வீங்கிய துரு, வளையங்களை நெம்பி ரிவெட்டுகளைத் தோலிலிருந்து பிடுங்கி எறிந்தது. 1984 முதல் 1986 வரை நடந்த பெரிய சீரமைப்பில் பட்டைகளை 316எல் ஸ்டெயின்லெஸ்ஸுக்கு மாற்றி, நடுவில் டெஃப்லான் வைத்தார்கள். ஸ்டெயின்லெஸ் வரிசையில் செம்புக்குப் பக்கத்தில் இருப்பதால் பேட்டரியின் பலமும் குறைந்தது, டெஃப்லான் தண்ணீரையும் குடிக்காது. கடற்படை 1780-களில் கற்ற பாடமேதான்: உலோகத்தை மாற்று, தடுப்பையும் வை.

காப்பாற்றுவதற்கும் விலை உண்டு என்பதை ஹம்ப்ரி டேவி 1824-இல் கண்டார். கப்பலின் செப்புத் தகடு கரைவதைத் தடுக்க அதில் இரும்பு, துத்தநாகத் துண்டுகளைப் பொருத்தினார். செம்பு கரைவது நின்றது, சோதனை வெற்றி. ஆனால் கரையாத செம்பின்மேல் பாசியும் கொட்டலசும் மறுபடி ஏறின. பாசியை விரட்டிக்கொண்டிருந்ததே கரைந்து வந்த அந்தச் செம்புதான். டேவியின் யோசனை அன்று கைவிடப்பட்டாலும், இன்று எஃகுக் கப்பல்களையும் பூமிக்கடியில் ஓடும் குழாய்களையும் காப்பாற்றுவது அதே தத்துவம்தான்.

2003-இல் வந்த ஜாகுவார் எக்ஸ்.ஜே.யின் அலுமினிய உடம்பில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ரிவெட்டுகள். அந்த ரிவெட்டுகள் எஃகுதான். ஆனால் பூச்சு போட்ட எஃகு, கூடவே எப்பாக்ஸிப் பசை. அதாவது, தவிர்க்க முடியாத இடத்தில் இரண்டு உலோகத்தைச் சேர்க்கலாம், நடுவில் இருப்பதற்குப் பொறுப்பு ஏற்றுக்கொண்டால்.

ஆகவே அடுத்த முறை யாராவது "ஸ்டெயின்லெஸ் போட்டுடுங்க சார்" என்றால், ரிவெட் துருப்பிடிக்குமா என்று கேட்காதீர்கள். அது எதைத் தொட்டுக்கொண்டிருக்கப்போகிறது, எவ்வளவு பெரிய பரப்பைத் தொடுகிறது, நடுவில் தண்ணீர் தங்குமா என்ற மூன்றையும் கேளுங்கள். மூன்றுக்கும் பதில் தெரிந்த பிறகு எந்த ரிவெட் என்பது தானாகவே வந்துவிடும். அறுபது, எழுபது வருடம் தாண்டி வந்த ஒரு தகட்டை, நல்லது செய்வதாக நினைத்து நாமே பேட்டரியாக்கி மாவாக்கிவிட வேண்டாம்.